புச்சி எமெசெட்டா நாவல்கள் தமிழில் கிடைக்குமா?

நண்பர்களே, நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெசெட்டாவின் நாவல் ஏதாவது தமிழில் வந்திருக்கிறதா? எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம், பலருக்கு ஆங்கிலம் வராது, அவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.

நான் படித்தது 1979-இல் வந்த 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்'. கதாநாயகி பெயர் 'ன்னு ஈகோ'. இபுசா என்ற ஊரிலிருந்து, முன்பின் பார்த்திராத ஒருவனுக்கு மனைவியாக நைஜீரியாவின் பெருநகரமான லாகோஸுக்கு அனுப்பப்படுகிறாள். அவன் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைப்பவன். முதல் குழந்தை இறந்ததும் பாலத்திலிருந்து குதிக்கப் போகிறாள், அப்புறம் பிள்ளை மேல் பிள்ளை பெற்று, விறகு விற்று வளர்த்து, கடைசியில் சாலையோரத்தில் யாருமில்லாமல் செத்துப்போகிறாள். செத்த பிறகு பிள்ளைகள் ஊர் மெச்சச் சடங்கு செய்கிறார்கள்! அந்தப் பக்கங்களை எங்கள் பெண்களுக்கு எப்படியாவது வாசித்துக் காட்ட வேண்டும்.

அதில் அடாக்கு என்று ஒருத்தி, ன்னு ஈகோவின் கணவனுடைய அண்ணன் மனைவி; அந்த அண்ணன் இறந்ததும் வழக்கப்படி தம்பிக்கு மனைவியாகி, ன்னு ஈகோ இருக்கும் அதே ஒற்றை அறைக்கு வந்து சேர்கிறாள். ஆண் பிள்ளை இல்லை என்ற ஏச்சு தாங்காமல் வெளியேறி மகள்களைப் படிக்க வைக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான். இந்தக் கதை மாந்தர்களான நைஜீரியாவின் இக்போ இன மக்களின் இந்தத் திருமண வழக்கங்களை எளிமையாக விளக்கும் கட்டுரை இருந்தால் சொல்லுங்கள், கேள்விகள் நிச்சயம் வரும்.

மொழிபெயர்ப்பே இல்லையென்றால், சில அத்தியாயங்களை உடன் உட்கார்ந்து தமிழில் சொல்ல யாராவது வர முடியுமா? 1974-இல் வந்த 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' படித்தவர்களும் சொல்லுங்கள், லண்டன் போன அடாவின் கதை, கணவன் அவள் எழுதியதை எரித்துவிடுவான். முதலில் எதை எடுக்கலாம்?