அக்கா மகனுக்கு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா? (பந்தலூர்)

திருப்பூர் மாமன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். மச்சான் இறந்து நாலு வருஷம் ஆகிறது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அவள் பையன் ஒன்பதாம் வகுப்பு, அரசு உதவி பெறும் பள்ளி, ஜூன் மாதம்தான் பதினான்கு முடிந்தது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் கூடப் படிக்கிற பையனோடு சண்டை. அந்தப் பையன் மச்சானைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான், இவன் அடித்துவிட்டான், உதடு கிழிந்து இரண்டு தையல். இவன் செய்தது தப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மறுநாள் அக்காவைப் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். தலைமையாசிரியர் மேசையில் ஒரு பேப்பர் தயாராக இருந்ததாம். டைப் அடித்தது. "எனது சொந்தக் காரணங்களுக்காக என் மகனின் மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு இன்டு மார்க். பேனாவையும் திறந்து கையில் கொடுத்திருக்கிறார்கள். "இங்கே இருந்தா கெட்டுப்போவான்மா, கீழே மேட்டுப்பாளையம் பக்கம் கண்டிப்பான ஹாஸ்டல் ஸ்கூல் இருக்கு, அங்கே போட்டா ஒழுங்கு வரும்" என்று சொன்னார்களாம். அக்கா, "தம்பியைக் கேட்டுட்டு வர்றேன்" என்று பேப்பரை மடித்துக் கொழுந்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். போட்டோ அனுப்பினாள், மடிப்பெல்லாம் இலைக்கறை.

சண்டை மட்டும் காரணம் இல்லையாம், இந்த வருஷம் எட்டு நாள் தாமதமாக வந்திருக்கிறானாம், காலாண்டில் மூன்று பாடம் ஃபெயிலாம். வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் "நாங்களே எழுதி அனுப்பினா வேற ஸ்கூல்லயும் சேர்க்க மாட்டாங்க" என்கிறார்கள். அடிபட்ட பையன் வீட்டில் போலீசுக்குப் போவோம் என்கிறார்களாம். ஹாஸ்டல் ஃபீஸ் கட்டவும் வழியில்லை, அவனை விட்டுவிட்டு அக்கா தனியாக இருக்கவும் மாட்டாள். என்ன செய்வது?

---

ஊட்டி வக்கீல்:

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தில் அக்கா கையெழுத்துப் போடவே கூடாது. மீதியெல்லாம் அப்புறம்.

அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் பள்ளி பையனை வெளியேற்றியதாகவே ஆகாது, பெற்றோர் கேட்டார்கள், கொடுத்தோம் என்றுதான் ஆகும். அதற்குப் பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் அவர் எடுத்துக் காட்டப்போவது அந்த ஒரு தாளைத்தான். என்னிடம் வருகிற பத்துப் பேரில் பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். உங்கள் அக்கா அந்தத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாரே, அதுவே பாதி வேலை. தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், பென்சில் குறியை அழிக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உள்ளபடி சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் ஃபெயில் போடுவது பற்றிய பகுதி மாறியது, வெளியேற்றக்கூடாது என்பது மாறவில்லை. ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைதான். உங்கள் பையன் ஒன்பது. அதனால் "சட்டப்படி வெளியேற்றவே முடியாது" என்று அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள், அவர்களுக்கும் இந்த எல்லை தெரியும்.

அதற்காகக் கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். குற்றச்சாட்டு என்ன என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், பையனும் அம்மாவும் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். இது எந்த வகுப்புக்கும் பொருந்தும் இயற்கை நீதி. உதவி பெறும் பள்ளி என்பதால் கல்வித்துறைக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்றைக்கே வெள்ளைத் தாளில் எழுதுங்கள். "என் மகனை விலக்கிக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை. அவன் மீது நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்து மூலம் தாருங்கள், எங்கள் பதிலைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை அவனை வகுப்பில் அமர அனுமதியுங்கள். அவனுடைய வருகைப் பதிவு நகலும் தேவை." இவ்வளவு போதும். இரண்டு பிரதி, ஒன்றில் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் ஊட்டியில் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம், பந்தலூரிலிருந்து ஊட்டி வந்து போக ஒரு நாள் கூலி போகும் என்பது தெரியும், அதனால் முதலில் 14417-க்குப் போன் செய்யுங்கள், அது பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது.

போலீஸ் விஷயம்: பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்தான். லாக்கப்பில் வைக்க முடியாது. இந்த மாதிரிச் சின்னக் காயத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடுவதும் முறையில்லை, சமூகப் பின்னணி அறிக்கை எழுதி இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். பயப்பட வேண்டாம்.

வக்கீல் தேவைப்பட்டால் ஊட்டி கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987 சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். அதற்கான உதவி எண் 15100.

---

கூடலூர் வாத்தியார்:

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சண்டையை விடுங்கள், "காலாண்டில் மூன்று பாடம்" என்ற இடத்தைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு காலாண்டு முடிந்ததும் சில பள்ளிகளில் ஒரு பட்டியல் போடுவார்கள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் யார் யார் தேறமாட்டார்கள் என்று. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் பதினொரு பெயர் எழுதியிருந்தது, எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டுவதற்காக அந்தப் பதினொரு பேருக்கும் ஏதாவது ஒரு ஒழுங்குக் காரணம் தேடினார்கள். இரண்டு பெற்றோரிடம் நானே பேசி இதே மாதிரிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு பையன் அதோடு படிப்பை விட்டுவிட்டான். அந்தப் பாரம் எனக்கு உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

தாமதத்துக்கு வருகிறேன். பந்தலூர் எஸ்டேட் பையன் எட்டு நாள் தாமதம் என்றால் அந்த எட்டுத் தேதியையும் வாங்குங்கள். ரோட்டில் யானை நின்றால் காலை பஸ் எங்கே வரும்? அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகள் நடந்து வரவும் விடமாட்டோம். உங்கள் எஸ்டேட் ஆட்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருப்பார்களே, "யானை ரோட்டில், யாரும் வராதீர்கள்" என்று காலையில் மெசேஜ் போடுவார்கள். அந்த மெசேஜ் தேதிகளையும் பள்ளி சொல்லும் தாமதத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து ஒத்துப்போனாலே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

"வேற ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்க" என்பது மிரட்டல். டி.சி.யில் நடத்தை என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். அதைவிட நீங்கள் பார்க்க வேண்டியது எமிஸ், அதாவது மாணவர் விவரம் வைக்கும் கல்வித்துறையின் இணையப் பதிவு. அங்கே பையன் பெயர் இன்னும் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறதா, இல்லை காமன் பூலுக்கு (பள்ளியிலிருந்து விலக்கியவர்கள் இருக்கும் பொதுப் பட்டியலுக்கு) தள்ளிவிட்டார்களா என்று தெரிந்த ஆசிரியர் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அக்கா கேட்காமலே தள்ளியிருந்தால் அது பெரிய தப்பு, உடனே மேலே எழுதலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்கள். அக்காவுக்குத் தெரிந்த எஸ்டேட் பெண் யாராவது இருப்பார். வியாழக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். தனியாகப் போகக்கூடாது.

---

கோத்தகிரி டு ஹூஸ்டன்:

ஊர் கோத்தகிரி, இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். "கீழே கண்டிப்பான ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்றதைப் படித்ததும் என் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையன் ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன். இங்கே தப்புச் செய்த மாணவர்களை அனுப்புவதற்கென்றே தனி மாற்றுப் பள்ளி இருக்கிறது, கல்விச் சட்டத்தின் 37-ஆம் அத்தியாயத்தில் அதற்கான விதிகள் இருக்கின்றன. அந்தப் பையனின் பையில் வேப் (மின் சிகரெட்) இருந்தது. 2023-இல் வந்த சட்டப்படி வேப் என்றாலே கட்டாயம் அங்கே அனுப்ப வேண்டும் என்று இருந்தது, 2025-இல்தான் முதல் தடவைக்குத் தளர்த்தினார்கள்.

ஆனால் இங்கேகூட வகுப்பிலிருந்து எடுத்தால் மூன்றாவது பள்ளி நாளுக்குள் பெற்றோரை உட்காரவைத்துக் காரணம் சொல்லி, பையன் பதிலையும் கேட்க வேண்டும். தற்காப்புக்காக அடித்தானா, அடிக்கும்போது நோக்கம் என்ன, முன்னால் ஏதாவது தப்பு உண்டா, ஏதாவது குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 1975-இல் ஒகாயோ மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சில நாள் சஸ்பெண்டுக்கே மாணவனிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. முக்கியமாக நாள் கணக்கு உண்டு, முடிந்தால் பழைய பள்ளிக்கே திரும்புவான். நம் ஊரில் டி.சி. என்றால் திரும்பி வருவதே இல்லை. அதனால் நம் ஊரில் கேள்வி கேட்பது இன்னும் அவசியம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மூன்று பாடமும் எழுத வேண்டிய பாடமா? அந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்தக் கூட்டத்தில்தான் எழுத்துக் குழப்பம் இருப்பது தெரிந்தது. இங்கே குறைபாடு உள்ள பிள்ளையைப் பள்ளி மாற்றுவது பத்து நாளுக்கு மேல் போனால், நடந்த தப்பு அந்தக் குறையால் வந்ததா என்று குழு போட்டுப் பார்க்க வேண்டும்.

---

கூடலூர் வாத்தியார்:

இவர் கேட்டது நல்ல கேள்வி. நம் நாட்டிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடு வருகிறது. சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கிடைக்கும். பையன் நோட்டு ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

---

குன்னூர் அம்மா:

நான் இன்னொரு பக்கத்திலிருந்து பேசுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் மகனை வகுப்புப் பையன் ஒருவன் அடித்து முன்பல் உடைந்தது. அந்தப் பையனை வெளியே அனுப்பினால்தான் விடுவேன் என்று நானும் பள்ளியில் போய் நின்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மழையில் அந்தப் பையனின் பாட்டி அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பையன் வாயைத் திறக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பாட்டிதான் பேசினார். அதற்கு முன் பள்ளியிலிருந்து யாரும் எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. நான் மறுநாள் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தம்பி, வியாழக்கிழமைக்கு முன்னால் அக்காவும் பையனும் அந்த வீட்டுக்குப் போகட்டும். தையல் போட்ட செலவை முடிந்தால் கொடுங்கள். வாசலில் வைத்து யார் முதலில் ஆரம்பித்தது என்று பேசாதீர்கள். அவர்களும் ஒரு பிள்ளையின் உதட்டில் ரத்தத்தைப் பார்த்தவர்கள்.

---

ஊட்டி வக்கீல்:

குன்னூர் அக்கா சொன்னது சரி. போகும்போது எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம், நேரில் மன்னிப்புக் கேட்டால் போதும். அன்றைக்கு என்ன நடந்தது என்று பையன் தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதட்டும், நீங்கள் திருத்தாதீர்கள்.

---

திருப்பூர் மாமன்:

எல்லோருக்கும் நன்றி, யாருக்கு என்னவென்று தனித்தனியாகச் சொல்லத் தெரியவில்லை. நேற்று ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டேன்.

கடிதத்தை நேற்றே பக்கத்து லைனில் இருக்கும் பிளஸ் டூ பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பள்ளி ஆபீசில் முதலில் வாங்க மாட்டேன் என்றார்கள், 14417-க்குப் போன் செய்தோம் என்று அக்கா சொன்னதும் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தாமதத் தேதி எட்டும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பைப் பார்த்தோம், ஆறு நாள் அப்படியே ஒத்துப்போகிறது. ஒரு நாள் மெசேஜோடு யானை போட்டோவே இருக்கிறது, பஸ் வரும் வளைவில் குட்டியோடு நிற்கிறது. மற்ற இரண்டு நாளும் தூங்கிவிட்டதாக அவனே சொன்னான், அதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பையன் வீட்டுக்கும் போனோம். அப்பா வெளியே வரவில்லை. அம்மா வந்து உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். போலீஸ் பேச்சு எடுக்கவில்லை.

எழுதினான், ஒரு பக்கம். வாத்தியார் சார், அதைத்தான் போட்டோ எடுத்து இதோடு போட்டிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கிறவன் எழுத்தா இது என்று எனக்கே திக்கென்றது, ழ, ள எல்லாம் இடம் மாறி, பாதிச் சொல்லில் எழுத்தே இல்லை. இவ்வளவு நாள் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். இதற்கு கூடலூர் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா, ஊட்டிக்குத்தான் போகணுமா?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அக்கா, நான், அவன், கூட மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அக்காவும் போகிறோம்.