கெய்ர்சோப்பா கப்பல் கான்வாயை விட்டுப் பிரிந்தது ஏன்?

கேள்வி (கோத்தகிரி): கல்கத்தாவில் தேயிலை, வார்ப்பிரும்பு, வெள்ளி ஏற்றிய கெய்ர்சோப்பா 1941-ல் தனியாகப் போய் மூழ்கியது. கான்வாயை, அதாவது போர்க்கப்பல் காவலோடு சேர்ந்து போகும் கப்பல் கூட்டத்தை, விட்டு விலகக் காரணம் என்ன?

பதில் 1 (குன்னூர்): நிலக்கரிதான் காரணம். 1919-ல் கட்டிய நீராவிக்கப்பல், 5,237 டன். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் சேர்ந்த கான்வாயின் வேகம் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.). எதிர்க்காற்றும் பேரலையும் வந்தால் அதே வேகத்துக்குக் கரி கூடுதலாக எரியும். முழுப்பாரத்தோடு பர்லியாறிலிருந்து மலையேறும் லாரிக்கு டீசல் கரைகிற மாதிரி. போக வேண்டிய லிவர்பூல் வரை கரி தாங்காது என்று தெரிந்ததும் அயர்லாந்தின் கால்வே துறைமுகத்துக்குத் திரும்பி, 5 நாட்டில் ஊர்ந்தது.

பதில் 2 (ஊட்டி): பிப்ரவரி 16 இரவு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யு-101-ன் டார்பிடோ வலப்பக்கம் தாக்கியது. முன்பாய்மரம் சாய்ந்தபோது வயர்லெஸ் கம்பியும் அறுந்தது. அபாயச் செய்தியே போகவில்லை. சுமார் 20 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. படகில் 13 நாள் மிதந்து பிழைத்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் ஒருவரே. பாவம், மற்றவர்கள்.

பதில் 1: 2011-ல் சுமார் 4,700 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அடுத்த இரு ஆண்டுகளில் 2,792 வெள்ளிப் பாளங்கள் மேலே வந்தன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 கிலோ. கடிதங்களும் கிடைத்தன, காற்றும் வெளிச்சமும் படாமல் அடைபட்டுக் கிடந்ததால் எழுத்து அழியவில்லை.