ஹோகார்த்தின் வரிப்பூனை: செல்லமா, சின்னமா?

கேள்வி: சாளரத்தடி

போன சனிக்கிழமை லண்டன் நேஷனல் கேலரியில் ஒரே ஓவியத்தின் முன் முக்கால் மணி நேரம் நின்றேன். ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1742-இல் வரைந்த ‘கிரஹாம் குழந்தைகள்’. 1.8 மீட்டர் அகலம். மருந்தாளர் டேனியல் கிரஹாமின் நான்கு பிள்ளைகள், வலது ஓரத்தில் ரிச்சர்ட். கைப்பிடியைச் சுழற்றி இசைக்கும் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறான். மேலே கூண்டில் குருவி படபடக்கிறது. தன் பாட்டுக்குத்தான் அது துள்ளுகிறது என்று பையனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நாற்காலியின் முதுகில் நகம் பதித்து எட்டிப் பார்க்கும் வரிப்பூனையை அவன் கவனிக்கவே இல்லை.

படித்த விளக்கங்கள் எல்லாம் பூனையை மரணத்தின் சின்னம் என்கின்றன. மறுக்க முடியவில்லை. கடைக்குட்டி தாமஸ், ஓவியம் முடிவதற்குள் இறந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் கடிகாரத்தின் உச்சியில் அரிவாள் ஏந்திய சிறு உருவம் நிற்கிறது.

ஆனால் எங்கள் வீட்டுப் பூனை முத்து, சமையலறை ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தால் இதே முகத்தைக் காட்டுவான்! கண் வட்டமாகும், உடம்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியை நோக்கி இழுபடும். பூனையோடு வாழாத கை இதை வரைந்திருக்குமா?

பதில் 1: பழையசட்டம்

ஹோகார்த் வீட்டில் இருந்தது பக் இன நாய். பெயர் டிரம்ப். டேட் காட்சியகத்தில் உள்ள 1745-ஆம் ஆண்டுத் தன்னோவியத்தைப் பாருங்கள். ஹோகார்த்தின் முகம் புத்தகங்களின் மேல் நிறுத்திய முட்டைவடிவ ஓவியத்துக்குள் இருக்கிறது. நாயோ அதற்கு வெளியே, நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எசமானர் படம், நாய் நிஜம். விலங்கை வெறும் சின்னமாக நினைத்தவர் இப்படி வரைவாரா?

பதில் 2: கரிக்கோடு

நான் குடும்ப ஓவியங்கள் வரைந்து பிழைக்கிறேன். ஒரு முறை பூனையின் காது நுனியில் இருந்த சிறு வெட்டை விட்டுவிட்டேன். வீட்டம்மா கணவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, “இது எங்கள் பூனை இல்லையே” என்றார். ஓவியர் கெய்ன்ஸ்பரோ தம் இரு மகள்களைப் பூனையோடு வரையத் தொடங்கிய ஓவியமும் நீங்கள் சென்ற அதே கேலரியில்தான் இருக்கிறது. பெண்களின் முகங்கள் முடிந்துவிட்டன. பூனை வெறும் கோடுகளாகவே நின்றுவிட்டது. தேடித்தான் பார்க்க வேண்டும்.

பதில் 3: இரவுநடை

ஓவியத்தின் பெயரை நம்பியும் ஏமாற வேண்டாம். டேவிட் ஹாக்னி 1970-71-இல் வரைந்த ‘திரு, திருமதி கிளார்க் மற்றும் பெர்சி’ ஓவியத்தில் மடியில் இருக்கும் வெள்ளைப் பூனை பெர்சி இல்லை, பிளான்ச். அந்த வீட்டின் இன்னொரு பூனைதான் பெர்சி.

சாளரத்தடி:

மூவருக்கும் நன்றி. காது வெட்டைப் படித்ததும் ஓவியத்தின் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். காதில் எதுவும் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது. இடது ஓரத்தில் அக்காள் கையில் உள்ள செர்ரிப் பழங்களை நோக்கித் தாமஸ் கை நீட்டுகிறான். வலது ஓரத்தில் குருவியை நோக்கிப் பூனை எம்புகிறது. இரண்டும் ஒரே ஆசை. இறந்த குழந்தைக்கும் அந்தப் பூனைக்கும் ஒரே உயிர்த்துடிப்பைக் கொடுத்திருக்கிறார் ஹோகார்த். சனிக்கிழமை மறுபடியும் போகிறேன்; இந்த முறை தாமஸ் பக்கம் நிற்பேன்.