சமதள ஆடிச் சோதனை: பிம்பத் தொலைவு ஏன் பொருந்தவில்லை?

கேள்வி (தெம்பனிஸ் தாய்):
அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், சமதள ஆடியில் பொருளின் தொலைவும் பிம்பத்தின் தொலைவும் சமம் என்பதைக் குண்டூசிகளைக் கொண்டு வீட்டில் சரிபார்க்க முயல்கிறாள். தெர்மகோல் அட்டைமீது வெள்ளைத் தாளை விரித்து, பழைய அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடித் துண்டை நிமிர்த்தி வைத்து, அதன் முன்விளிம்பை ஒட்டிக் கோடு வரைந்து, 8 செ.மீ. தள்ளி ஓர் ஊசியைக் குத்தினாள். இருபுறமிருந்தும் பார்த்து, பிம்பத்தின் நேர்கோட்டில் மற்ற ஊசிகளைக் குத்திக் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால், அவை 8.8 செ.மீ.யில் வெட்டிக்கொள்கின்றன. கோட்டைப் பின்விளிம்புக்கு மாற்றினாலோ பிழை எதிர்ப்பக்கம் போகிறது: பொருள் 8.6, பிம்பம் 8.2. ஆனால் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாகவே வருகின்றன. பிம்பத்துக்கு அருகே மங்கலாக இன்னோர் ஊசியும் தெரிகிறது. கோளாறு எங்கே இருக்கிறது?

மறுமொழி (ஈசூன் வாசகர்):
ஊசியின் தலையைப் பார்த்து நேர்கோடு பிடித்தால், ஊசி சற்றுச் சாய்ந்திருந்தாலும் அளவு தவறிவிடும். எப்போதும் ஊசியின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு பொருளை 12 செ.மீ.க்கு நகர்த்தி மீண்டும் அளக்கட்டும். கண்ணாடியின் தடிமன் எவ்வளவு?

தெம்பனிஸ் தாய்:
அடியைப் பார்த்துத்தான் குத்துகிறாள். முன்விளிம்புக் கோட்டிலிருந்து 12 செ.மீ. வைத்தால் பிம்பம் 12.8 செ.மீ.யில் அமைகிறது. கண்ணாடியின் தடிமன் 6 மி.மீ.

மறுமொழி (ஜூரோங் வெஸ்ட், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்):
அம்மா, உங்கள் மகளின் அளவுகளில் பிழையே இல்லை. ஊசி பிடிப்பதில் தவறு நேர்ந்திருந்தால் வேறுபாடு ஒவ்வொரு முறையும் அங்குமிங்கும் அலைந்திருக்கும்; தொலைவு மாறியும் 8 மி.மீ. மாறாமல் நிற்பதால், காரணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது.

வீட்டுக் கண்ணாடிகளில் பளபளக்கும் பூச்சு பின்பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிமீது வெள்ளி படிய வைக்கும் முறையை 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்டறிந்தார். பூச்சு கீறுபடாமல் காக்கப்படுகிறது, ஆனால் ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது ஒரு முறையும் வெளியேறும்போது ஒரு முறையும் விலகுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதால், நீர்த்தொட்டியின் அடித்தளம் மேலெழுந்து தெரிவதைப் போலவே, 6 மி.மீ. ஆழத்திலுள்ள பூச்சு நமக்கு 6 ÷ 1.5, அதாவது 4 மி.மீ. ஆழத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. கோட்டை அங்கே, முன்விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே வரைந்தால் பொருள் 8.4, பிம்பமும் 8.4. முன்விளிம்பும் பின்விளிம்பும் ஏன் எதிரெதிர்ப் பிழைகளைத் தந்தன என்பது இதிலேயே விளங்கும். இருபக்கங்களும் இணையாக இருப்பதால் கோணங்கள் மாறுவதில்லை. எதிரொளிப்பு விதி சிறிதும் பிசகவில்லை.

ஓர் எச்சரிக்கை: இந்த 4 மி.மீ. கணக்கு ஏறக்குறைய நேராகப் பார்க்கும்போதுதான் பொருந்தும். படுகோணம் 30 பாகையானால், நீட்டிய கோடுகள் சந்திக்கும் ஆழம் சுமார் 3.7 மி.மீ.; 60 பாகையானால் 2.4 மி.மீ. ஆகவே மிகச் சாய்வாகப் பார்க்க வேண்டாம்.

மங்கலான ஊசி என்பது, பூச்சைச் சென்றடையாமல் கண்ணாடியின் முன்பக்கத்திலேயே திரும்பிவிடும் சுமார் 4 விழுக்காட்டு ஒளியின் பிம்பம். அதற்கும் இதே முறையில் இடம் காணச் சொல்லுங்கள். அது முன்விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ. பின்னால் நிற்கிறது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஈசூன் வாசகர்:
மெல்லிய அக்ரிலிக் கண்ணாடியை வாங்கினால் இந்தச் சிக்கல் தீராதா ஐயா?

ஆசிரியர்:
தடிமனால் வரும் பிழை குறையும். ஆனால் மெல்லிய தகடு எளிதில் வளைந்துவிடும். முன்பக்கம் புடைத்தால் அது குவி ஆடியாகிப் பிம்பத்தை அருகே இழுத்துவிடும், குழிந்தால் தூரத் தள்ளிவிடும். அந்தப் பிழை பொருளின் தொலைவுக்கேற்ப மாறுவதால் திருத்துவது கடினம். எனக்கு அலமாரிக் கண்ணாடியே மேலானதாகப் படுகிறது.

தெம்பனிஸ் தாய்:
மிக்க நன்றி ஐயா. மேசைவிளக்கை ஊசியின்மீது சாய்த்து, மங்கலான பிம்பத்தையும் பிடித்துவிட்டாள். முன்விளிம்புக் கோட்டிலிருந்து பொருள் 8 செ.மீ., அந்தப் பிம்பமும் 8 செ.மீ. ஆய்வறிக்கையில் எந்தக் கோட்டைக் குறிப்பிடுவது?

ஆசிரியர்:
மிக நன்று! 4 மி.மீ. உள்ளே வரைந்த கோட்டையே குறிப்பிட்டு, தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் அருகில் எழுதச் சொல்லுங்கள். மங்கலான பிம்பத்தின் அளவுகளைத் தனி அட்டவணையில் சேர்க்கட்டும்.