மெனுவில் விண்டோஸ் காணோம்: க்ரப்.சிஎஃப்ஜி-யில் கை வைக்கலாமா?

நெல்லைப் பெங்குவின்: விண்டோஸ் இருந்த கணினியில் உபுண்டு 22.04 லினக்ஸ் போட்டபின், கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் விண்டோஸ் வரவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, அந்த மெனுவைக் காட்டும் க்ரப் நிரலின் க்ரப்.சிஎஃப்ஜி (grub.cfg) கோப்பைத் திறந்து விண்டோஸுக்கான வரிகளைக் கையால் எழுதச் சொல்லியிருக்கிறார் கருப்புத்திரை. திருத்தாதீர்கள் என்று அந்தக் கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அடுத்து புதிதாக வந்ததும் அப்டேட்-க்ரப் கட்டளை தானாக ஓடி, கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிவிடும். புதியவருக்கு இப்படியா வழி காட்டுவது?

கருப்புத்திரை: என் கணினியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இன்றுவரை விண்டோஸ் வருகிறது. ஓடுகிற வண்டியைப் பார்த்து ஓடாது என்கிறீர்கள்.

நெல்லைப் பெங்குவின்: கெர்னல் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பீர்கள், அதனால் தப்பித்தீர்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 2021-இல் வந்த க்ரப் 2.06-இலிருந்து, கணினியில் உள்ள மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பிடிக்கும் ஓஎஸ்-ப்ரோபரை அணைத்தே தருகிறார்கள். வட்டின் மற்ற பார்ட்டிஷன்களை ரூட் என்ற முழு அதிகாரத்தில் மவுன்ட் செய்து (திறந்து) துழாவுவது ஆபத்து என்பதுதான் காரணம். இடிசி டீஃபால்ட்டில் உள்ள க்ரப் கோப்பில் (/etc/default/grub) ‘க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்’ (GRUB_DISABLE_OS_PROBER=false) என்று ஒரு வரி சேர்த்து அப்டேட்-க்ரப் ஓட்டினால் போதும்.

கருப்புத்திரை: அந்த ஒரு வரியையும் கையால்தானே எழுத வேண்டும்?

சேலம் வாசகி: முதலில் அவர் எந்த மோடில் போட்டார் என்று கேளுங்கள். விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையிலும் உபுண்டு லெகசி என்ற பழைய முறையிலும் இருந்தால், நீங்கள் இருவர் சொல்வதும் பலிக்காது.

நெல்லைப் பெங்குவின்: நியாயமான கேள்விதான் சகோதரி. ஆனால் இங்கே பேச்சு க்ரப்.சிஎஃப்ஜி-யைத் திருத்தலாமா என்பது. கூடாது. கையால் எழுதியே தீர வேண்டுமென்றால் க்ரப்.டி கோப்புறையில் 40_கஸ்டம் என்ற கோப்பு இருக்கிறது (/etc/grub.d/40_custom). அதில் எழுதியதை அப்டேட்-க்ரப் அழிக்காது, ஒவ்வொரு முறையும் மெனுவில் சேர்த்துக்கொள்ளும்.

கருப்புத்திரை: அப்போ கையால் எழுதலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

நெல்லைப் பெங்குவின்: கோப்பு வேறு ஐயா! க்ரப்.சிஎஃப்ஜி வேறு, 40_கஸ்டம் வேறு. எத்தனை தடவை சொல்வது?

மவுன மவுஸ்: எதற்கு இவ்வளவு பாடு? நம்பகமான கையொப்பம் இல்லாத நிரல்களைப் பூட் ஆகவிடாத செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் எத்தனை பேருடைய லினக்ஸைப் பூட் ஆகவிடாமல் செய்தது, மறந்துவிட்டதா?

சேலம் வாசகி: அது எஸ்பேட் விவகாரம், பழைய பூட் நிரல்களைத் தடுக்கும் பட்டியல். அதில் க்ரப்புக்கு முன்னால் ஓடும் ஷிம் என்ற சிறு நிரலே நின்றுவிடும், க்ரப் மெனுவே வராது. இவருக்கு மெனு வருகிறது. வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருப்பவர் செக்யூர் பூட்டை அணைத்தால் விண்டோஸ் ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் அவர் கோப்புகளுக்கு நீங்களா பொறுப்பு?

மவுன மவுஸ்: விண்டோஸைத் தூக்கிப் போட்டால் கீயும் வேண்டாம், மெனுவும் வேண்டாம்.

கருப்புத்திரை: பெங்குவினுக்குக் கோபம் க்ரப்பால் வந்ததில்லை. ஆர்ச் லினக்ஸ் என்ற வேறு லினக்ஸ் வகை புதியவர்களுக்கு ஆகாது என்று நான் எழுதிய நாளிலிருந்தே என் பதில்களைத் துரத்தித் துரத்திக் குறை சொல்கிறார்.

நெல்லைப் பெங்குவின்: ஆர்ச்சை இங்கே இழுக்காதீர்கள். அன்றும் ஆதாரம் கேட்டேன், நீங்கள் தரவில்லை. இன்றும் கேட்கிறேன்: இப்போதே அப்டேட்-க்ரப் ஓட்டிவிட்டு, உங்கள் வரி க்ரப்.சிஎஃப்ஜி-யில் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

கருப்புத்திரை: நன்றாக இருக்கிற கணினியில் அதை ஏன் ஓட்ட வேண்டும்? மாட்டேன்.

நெல்லைப் பெங்குவின்: ஓட்டினால் வரி போய்விடும் என்று உங்களுக்கே தெரியும். க்ரப்.சிஎஃப்ஜி-யைத் திருத்தக் கூடாது.

கருப்புத்திரை: எனக்கு விண்டோஸ் வருகிறது.