வெளிநாட்டில் படிக்கப் போனால் ஆள் உண்மையிலேயே மாறுவோமா?

கெடிலக்கரை (கேள்வி)

வணக்கம். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், படிப்பது புதுச்சேரியில், பி.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி வருடம், தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். பிரான்சில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. விசா, கட்டணம் எல்லாம் தேடினால் கிடைத்துவிடுகிறது, நான் கேட்க வந்தது வேறு. போய் வந்த சீனியர்கள் எல்லோரும் "ரொம்ப மாறிட்டேன், மெச்சூரிட்டி வந்துடுச்சு" என்கிறார்கள். என்ன மாறியது என்று கேட்டால் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

எனக்குப் பயம் இருக்கிறது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போவதிலிருந்து பேங்கில் சலான் எழுதுவது வரை எல்லாம் அப்பாதான். வகுப்பில் எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டது கிடையாது. மார்க் மட்டும் எப்போதும் 85க்கு மேல். இப்படிப்பட்ட பெண் அங்கே போனால் தேறுவாளா, உடைந்து போவாளா? அம்மா "இங்கேயே பி.ஜி. முடிச்சுட்டு அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைக்காரி

தங்கச்சி, நான் துலூஸில் மாஸ்டர்ஸ் முடித்தவள். புதுச்சேரியில் வளர்ந்ததால் தெருப் பெயரிலிருந்து போலீஸ் தொப்பி வரை பிரெஞ்சு வாடை பழகிப்போயிருக்கும், பாரிஸில் சொந்தக்காரர்கள் வேறு, அதனால் பிரான்ஸ் நமக்குப் பக்கத்து வீடு என்ற நினைப்பு இருந்தது. அது முதல் வாரத்திலேயே போய்விட்டது.

உன் 85 மார்க்கிலிருந்து தொடங்குகிறேன். அங்கே 20க்குத்தான் மதிப்பெண். 10 வாங்கினால் பாஸ், 12 பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று. இங்கே முதல் ரேங்க் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணின் விடைத்தாளில் 11 என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுக்கும்போது வயிற்றைக் கலக்கும். பக்கத்தில் இருக்கிற பிரெஞ்சுப் பையன் 12 வாங்கிவிட்டுச் சந்தோஷமாகக் காபி குடிக்கப் போவான். மார்க்தான் நான் என்று ஒரு எண்ணம் நமக்குள் எத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். அது மெதுவாகக் கழன்றது. என்னில் நடந்த பெரிய மாற்றம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கேள்வி கேட்பது. ஒரு பேராசிரியர் பிரசுரமான ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கையில் கொடுத்து, "இதில் எது உனக்கு நம்பும்படி இல்லை?" என்று கேட்டார். நான் கட்டுரையின் சுருக்கத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். நல்ல கட்டுரை என்றேன், அப்போதும் காத்திருந்தார். கடைசியில் இரண்டாவது வரைபடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல் குழுவே இல்லையே என்று இழுத்தேன். "அப்படியானால் அதை எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விட்டார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. பெரியவர்கள் எழுதியதில் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்த எனக்கு, மேஜை மேல் கிடந்த அந்தத் தாளைக் காட்டித் தைரியமாகப் பேசப் பழக ஒரு செமஸ்டர் முழுக்கத் தேவைப்பட்டது.

மற்றபடி பேப்பர் வேலை. அறையைக் காலி செய்வதென்றால்கூட வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட வேண்டும், பர்னிச்சர் உள்ள அறை என்றால் ஒரு மாதம் முன்பே. வாடகைக்கு உத்தரவாதம் தர ஆள் இல்லாதவர்களுக்கு விசால் என்று இலவசத் திட்டம் இருக்கிறது, அதற்கும் நீயேதான் உட்கார்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அப்பா பின்னால் நிற்க மாட்டார். தேறுவாய், பயப்படாதே.

நெய்வேலி அப்பா

அம்மா, நான் பெற்றவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் பையன் ஜெர்மனியில் கெம்னிட்ஸில் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்கிறான். போகும்போது ப்ளாக்டு அக்கவுண்ட் என்று, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கில் 11,904 யூரோ போட்டோம், மாதம் 992 யூரோ அவன் கைக்கு வரும், அதற்குள் வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம். இங்கே பைக்குக்குப் பெட்ரோல் போட அம்மாவிடம் கை நீட்டிய பையன், இப்போது எந்தக் கடையில் அரிசி என்ன விலை என்று எனக்குச் சொல்கிறான். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 25 சென்ட் வாங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடும் என்பதால் சனிக்கிழமையே கணக்குப் போட்டு வாங்கி வைக்கிறான்.

இன்னொன்று, அரியர் வைத்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்கிற பழக்கம் அங்கே செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு பரீட்சைக்கு மூன்று வாய்ப்புதான், மூன்றும் போனால் அந்தப் படிப்பே போயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பையன் படிக்கிற விதமே மாறிவிட்டது.

ஆனால் ஒரு விஷயம் என் மனதை அரிக்கிறது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதங்களில் போன் செய்தால் "நல்லா இருக்கேன்பா" என்று மட்டும்தான் சொன்னான். வாரக்கணக்கில் ஒருவரிடமும் வாய்விட்டுப் பேசாமல் இருந்திருக்கிறான் என்பது பிறகு அவன் நண்பன் மூலம்தான் தெரிந்தது. கஷ்டத்தை வீட்டில் மறைப்பதைப் பிள்ளைகள் முதிர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள், பெற்றவர்களுக்கு அது வேண்டாம் அம்மா. கிளம்புவதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் பேசி வைத்துக்கொள், நல்லது கெட்டது இரண்டையும் சொல்வேன், நீங்கள் பதறக் கூடாது என்று.

பண்ருட்டிக்காரன்

மாற்றுக் கருத்து ஒன்று. விமானம் ஏறினாலே ஆள் வளர்ந்துவிடுவதில்லை. என் செட்டில் வெளிநாடு போன சிலர் ஒரே வீட்டில் நம் பையன்களாகவே தங்கி, நம் சமையல், நம் பேச்சு, நம் படம் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டு வந்தார்கள். முதல் மாதம் அந்தத் துணை வேண்டும்தான், மறுக்கவில்லை. வருடம் முழுக்க அதற்குள்ளேயே இருந்தால் என்ன கற்றுக்கொள்வது? நான் டெல்லியில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படித்தவன். இந்தி தெரியாமல் போய், அறைத்தோழன் அசாம்காரன், மெஸ் மேனேஜரிடம் சண்டை போட்டுச் சமாதானமாகி, என் வீட்டார் பார்க்காத ஒரு பண்ருட்டிக்காரன் அங்கேதான் உருவானான்.

கடனையும் பாருங்கள். தவணை படிப்பு முடிந்துதான் தொடங்கும், வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கிகள் பெரும்பாலும் சொத்தை அடமானம் கேட்கும். வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கும்போது பிடித்த பாடம் எடுக்கவோ, தோற்றாலும் பரவாயில்லை என்று ஒன்றை முயன்று பார்க்கவோ மனது வராது. கிடைக்கிற பார்ட் டைம் வேலைக்கு ஓடத்தான் தோன்றும். பிரான்சில் மாணவர்கள் வருடத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதை நம்பிக் கடன் அடைக்க முடியாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் மாதிரி உதவித்தொகைக்கு முதலில் முயலுங்கள், மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கவும் வேண்டும்.

அப்புறம், அடுத்த சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு நீங்களே போங்கள். அதற்கு விசா வேண்டாம்.

லாஸ்பேட்டைக்காரி

தம்பி சொல்வதில் கடன் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. டெல்லி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. டெல்லியில் நீ மொழி தெரியாதவன், அவ்வளவுதான். வெளிநாட்டில் நீ அந்நியன், உன் இருப்பே ஒரு குடியிருப்பு அனுமதி அட்டையைப் பொறுத்தது, அதைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும்போது வருகிற பணிவு வேறு. இங்கே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டட வேலை செய்பவர்களை நான் இப்போது பார்க்கிற பார்வை அந்த வரிசையில்தான் கிடைத்தது.

கெடிலக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நெய்வேலி ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசினோம். இந்த வருடமே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டேன், உதவித்தொகைக்கு எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம். அக்கா, ஒரே ஒரு சந்தேகம். ஆங்கிலத்திலேயே நடக்கும் கோர்ஸ் என்றால் பிரெஞ்சு படிக்கத்தான் வேண்டுமா?

லாஸ்பேட்டைக்காரி

கட்டாயம் படி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், டாக்டரும் வீட்டுக்காரரும் பிரெஞ்சில்தான் பேசுவார்கள். மதிய இடைவேளையில் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பதும் பிரெஞ்சில்தான், அது புரியாவிட்டால் நீ தனியாகிவிடுவாய். குறைந்தது பி1 என்கிற நடுத்தர நிலை வரை முடித்துக்கொண்டு போ. புதுச்சேரி சுஃப்ரேன் வீதியில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, 1889இல் தொடங்கியது, தினமும் புதுச்சேரி வருகிற உனக்கு அது பெரிய வசதி, சனிக்கிழமை வகுப்பு உண்டா என்று நேரில் போய்க் கேள். உயிர்வேதியியலுக்கு மோன்பெலியே, ஸ்ட்ராஸ்பூர் நகரப் பல்கலைக்கழகங்கள் இரண்டையும் பார்த்து வை. பாடப்பிரிவு இணைப்பை இங்கே போடு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.