கோட்லீப் பின்பால் 1975: ஸ்டார்ட் அழுத்தினால் ஸ்கோர் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது

வெள்ளிக்குண்டு (கேள்வி)

வணக்கம். மெஷின் கோட்லீப் 'அப்ரா கா டாப்ரா', 1975, ஒருவர் மட்டும் ஆடும் மாடல். போர்டு, சிப் எதுவும் கிடையாது. முழுக்க ரிலே (மின்காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்ச்), ஸ்கோர் ரீல் (பாயின்ட் எண் காட்டும் சக்கரம்), ஸ்கோர் மோட்டார் (சுற்றிச் சுற்றிச் சுவிட்சுகளை இயக்கும் மோட்டார்). வீட்டு லைன் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். விளக்குகள் எரிகின்றன, ஃபியூஸ் எல்லாம் மீட்டரில் சரி.

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ரீல்கள் படபடவென்று சுற்றி எல்லாமே 0-க்கு வந்து நிற்கின்றன. ஆனால் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பந்தும் வெளியே தள்ளப்படுவதில்லை.

2. இடது ஃப்ளிப்பர் (பந்தை அடிக்கும் மட்டை) நோஞ்சான். பந்தைப் பாதி மேடைக்குக்கூடத் தூக்காது. வலதில் பிரச்சினை இல்லை. (பந்தைக் கையால் போட்டுப் பார்த்தது.)

காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒரு டப்பா இருக்கிறது. எல்லா சுவிட்சுக்கும் ஒரு சுற்று அடித்துவிட்டு ஆரம்பிக்கலாமா?

---

ரிலே ராசப்பன்

டப்பாவை மூடி வையுங்கள், அதைப் பற்றிப் பிறகு.

முதலில் நேரக் கணக்கு. கோட்லீப் ஸ்கோர் மோட்டார் ஒரு சுழற்சிக்கு 120 டிகிரி திரும்பும். அதற்குள் 5 மின் துடிப்பு கொடுக்கும். எந்த ரீலுக்கும் 0-க்கு வர அதிகபட்சம் 9 அடிதான் தேவை. ஆக இரண்டே சுழற்சியில் ரீசெட் முடிந்தாக வேண்டும், சில விநாடி வேலை. அதைத் தாண்டி ஓடினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மோட்டாருக்காகச் சொல்லவில்லை. அது ஓடும் நேரமெல்லாம் ஏதோ ஒரு காயில் (மின்காந்தச் சுருள்) விடாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். கணநேரத் துடிப்புக்காகச் சுற்றிய காயில் சில நிமிடம் தாங்கினாலே பெரிது. காகிதச் சுற்று பழுப்பேறி, கருகல் வாடை வந்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

இனி உங்கள் அறிகுறி. ரீலின் பூஜ்ய சுவிட்ச் 1 முதல் 9 வரை மூடியிருக்கும், 0-வில் திறக்கும். வரைபடத்தில் இதை இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று, ரீல் காயிலுக்கு ரீசெட் துடிப்பு போகும் வழி. இன்னொன்று, ரீசெட் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும் வழி. அங்கே எல்லா ரீலின் சுவிட்சும் பக்க இணைப்பில் இருக்கும், ஒன்று மூடியிருந்தாலும் ரிலே விடாது. முதல் வழியில் கோளாறு என்றால் ரீல் 0-வில் நிற்காமல் 1, 2 என்று தாண்டிப் போகும். உங்களுடையவை 0-வில் நிற்கின்றன. எனவே துடிப்பு வழியை விட்டுவிடுங்கள். சந்தேகம் பிடிப்பு வழி மேல்தான்.

உறுதி செய்ய: முன்கதவைத் திறந்து அடிப்பலகையைப் பார்த்தபடி ஸ்டார்ட் அழுத்துங்கள். பத்து எண்ணுவதற்குள் பார்த்து முடித்துவிடுங்கள். மோட்டார் ஓடும்போது ஏதாவது ரிலே உள்ளிழுத்தபடியே இருக்கிறதா?

இருந்தால், அதை யார் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எல்லா ரீலும் 0-வில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, ஒரு ரீலின் பூஜ்ய சுவிட்ச் முனைகளுக்கு நடுவே விசிட்டிங் கார்டில் வெட்டிய துண்டைச் செருகுங்கள். மறுபடி பிளக், ஸ்டார்ட். மோட்டார் நிற்கவில்லையா, துண்டை அடுத்த ரீலுக்கு மாற்றுங்கள். எந்த ரீலில் செருகியதும் நிற்கிறதோ அதுதான் ஆள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்குவதில் சோம்பல் வேண்டாம். காயில் வழியில் 24, 25 வோல்ட் ஏசிதான், ஆனால் அதே பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றிலும் லைன் ஃபியூஸிலும் 120 வோல்ட் நிற்கிறது.

ஒரு ரிலேயும் உள்ளே இல்லை, ஆனாலும் மோட்டார் ஓடுகிறதென்றால் கதை வேறு. மோட்டாருக்குப் போகும் வயரை வரைபடத்தில் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். அங்கே அரை டஜன் ரிலே முனைகளும், மோட்டாரை அதன் வீட்டு நிலைவரை (சுழற்சி முடிந்து நிற்கும் இடம்) கொண்டுவந்து விடும் கேம் சுவிட்சும் (மோட்டாரோடு சுற்றும் தட்டு இயக்கும் சுவிட்ச்) பக்க இணைப்பில் நிற்கும். சுவிட்சின் உலோகப் பிளேடு ஒன்று வளைந்து ஒட்டியிருக்கும். அங்கேயும் கார்டு துண்டுதான் வைத்தியம்.

தலைப்பெட்டிக் கண்ணாடியைக் கழற்றினால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பின்பக்கப் பெயின்ட் உரிந்தால் அதற்கு மருந்தே இல்லை.

---

பழைய காயில்

ஸ்ப்ரே விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூடி-40 உட்பட எந்த எண்ணெய்ப் பொருளையும் இந்த மெஷினுக்குள் அடிக்கக் கூடாது. முனைகள் பிரியும்போது பொறி பறக்கும், ஆவி எரியக்கூடியது. எரியாமல் தப்பினாலும் மிச்சப் பிசின் தூசியை இழுத்து, ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகும்.

ரிலே முனைகள் வெள்ளி. மிக நைசான உரசுகல் பட்டையையோ, 600 நம்பர் உப்புத்தாளின் மெல்லிய துண்டையோ நடுவில் வைத்து, பிளேடுகளை விரலால் லேசாக அழுத்தி, இரண்டு மூன்று இழுப்பு. பிறகு ஆல்கஹாலில் நனைத்த காகிதத்தை ஒருமுறை இழுத்தால் தூள் வந்துவிடும். ஃப்ளிப்பர் பட்டன் சுவிட்சிலும் ஃப்ளிப்பருக்கு அடியில் உள்ள சுவிட்சிலும் இருப்பது டங்ஸ்டன். அதற்கு உப்புத்தாள் எடுபடாது, சிறிய இரும்பு அரம்தான்.

வளைப்பதற்கு முன்னால் சுவிட்ச் அடுக்கின் இரண்டு திருகையும் இறுக்குங்கள். பேக்கலைட் துண்டுகள் ஐம்பது வருஷத்தில் சுருங்கியிருக்கும், அடுக்கு தளர்ந்திருக்கும். தளர்ந்த அடுக்கை எவ்வளவு நேர்த்தியாக வளைத்தாலும் மறுநாள் போய்விடும். திருகு இறுகியதும் பாதிக் கோளாறு தானாகச் சரியாவதுண்டு. மீதிக்குத்தான் வளைப்புக் கருவி, அதுவும் பிளேடின் அடிப்பகுதியில். நுனியில் வளைத்தால் முனைகள் கோணலாக உட்காரும். திறந்த நிலையில் இடைவெளி 1/32 அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர் அளவு. மூடும்போது முனைகள் தொட்ட பிறகும் நீளப் பிளேடு இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். அந்த உரசல்தான் முனையைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

கடைசியாக, வேலை செய்கிற சுவிட்சைத் தொடாதீர்கள். 'எல்லாவற்றையும் ஒரு சுற்று சுத்தம் பண்ணிவிடலாம்' என்று அரத்தோடு இறங்குகிறவர்கள் ஒரு கோளாறோடு போய் ஐந்து கோளாறோடு வெளியே வருவார்கள்.

---

வெள்ளிக்குண்டு

ரிலே ஒன்று உள்ளிழுத்தபடியே இருந்தது. துண்டு வைத்துப் பார்த்ததில் 100 பாயின்ட் ரீலில் மோட்டார் நின்றது, பந்தும் வெளியே வந்தது. 0-வில் பிளேடுகளுக்கு நடுவே தலைமுடி அளவுதான் இடைவெளி, மோட்டார் அதிர்வில் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. திருகு இரண்டும் முக்கால் சுற்று இறுகின. வளைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இப்போது ஆட்டம் தொடங்குகிறது, ஆனால் புதிதாக ஒன்று. 10 பாயின்ட் சுவிட்சில் பந்து பட்டால் சில சமயம் 10 பாயின்ட் ரிலே உள்ளே போய் 'ங்ங்' என்று உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. ரீலை விரலால் தட்டினால் விடுகிறது. ரீசெட்டில் அதே ரீல் ஒழுங்காகச் சுற்றுகிறது. அதே ரீல், அதே காயில், அங்கே சரி இங்கே தப்பு என்றால் எப்படி?

---

ரிலே ராசப்பன்

ரீசெட்டின்போது துடிப்பை மோட்டார் கொடுக்கிறது. ரீல் முழுதாக இழுத்ததா என்று யாரும் கேட்பதில்லை. நேரம் ஆனதும் துடிப்பு நின்றுவிடும். ஆட்டத்தில் அப்படி இல்லை. பந்து பட்டதும் 10 பாயின்ட் ரிலே உள்ளே போய்த் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. அதன் இன்னொரு முனை ரீல் காயிலுக்கு மின்சாரம் தருகிறது. ரீலின் பிளஞ்சர் (காயில் உள்ளே இழுக்கும் இரும்புத் தண்டு) கடைசிவரை போய், ஓட்டத்தின் முடிவில் இருக்கும் சுவிட்சைத் திறந்தால்தான் ரிலேயின் பிடி விடும். பந்து சுவிட்சைத் தொட்டது கணநேரம் என்றாலும் ரீல் ஒரு அடி முழுதாக நகர்ந்தே தீர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. அழகான யோசனை, பிளஞ்சர் ஒரு மில்லிமீட்டர் குறையாகப் போகாதவரை.

விரலால் தட்டினால் விடுகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. பிளஞ்சர் கடைசிவரை போகவில்லை. எனவே சுவிட்சை உடனே வளைக்கப் போகாதீர்கள். ரீலைச் சட்டத்திலிருந்து எடுத்து, பிளஞ்சரை உருவி, காயிலின் உட்குழாயையும் பல்லைத் தள்ளும் கொக்கியின் அச்சையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். யாரோ எப்போதோ போட்ட எண்ணெய் இறுகிக் கருப்புப் பிசினாக வரும். திரும்ப எதுவும் போடாதீர்கள். பிளஞ்சரும் குழாயும் உலர்வாகத்தான் ஓட வேண்டும். கிரீஸ் என்பது ஸ்டெப்பர் யூனிட்டின் (அடி அடியாக நகர்ந்து எண்ணும் பகுதி) தொடுமுனைத் தட்டுக்கு மட்டும், அதுவும் துடைத்த பிறகு மிஞ்சுகிற அளவுக்கு.

சுத்தம் செய்தும் உறுமினால் அந்த முடிவுச் சுவிட்சைச் சற்று முன்னதாகத் திறக்கும்படி வையுங்கள். அளவு மீறினால் ரீல் நகர்வதற்குள் ரிலே விட்டுவிடும், பாயின்ட் ஏறாது. பிளஞ்சரை விரலால் மெதுவாக அழுத்தி, கொக்கி அடுத்த பல்லில் விழும் 'டிக்' கேட்ட பிறகு சுவிட்ச் திறக்கிறதா என்று பாருங்கள்.

---

செம்புக்கம்பி

ஃப்ளிப்பரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஃப்ளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு: தடித்த கம்பியில் பலம் தரும் சுற்று, மெல்லிய கம்பியில் பிடிப்புச் சுற்று. ஓய்வில் இருக்கும்போது அடியில் உள்ள சுவிட்ச் மூடியிருந்து பிடிப்புச் சுற்றைத் தவிர்த்துவிடும், முழு பலமும் பாயும். மட்டை மேலே போய்ச் சேர்ந்ததும் சுவிட்ச் திறக்கும், இரண்டு சுற்றும் தொடராகி மின்னோட்டம் குறையும். பட்டனைப் பிடித்தே வைத்திருந்தாலும் காயில் கருகாமல் இருப்பது இதனால்தான். அந்த முனை கருத்துப்போனால் ஃப்ளிப்பர் ஆரம்பத்திலிருந்தே பிடிப்புச் சுற்றின் பலத்தில்தான் ஆடும். உங்கள் நோஞ்சானுக்கு அதுவே முதல் சந்தேகம்.

பிளக்கைப் பிடுங்கி, காயிலின் மூன்று காதுகளில் (வயர் பற்றவைக்கும் முனைகள்) லைன் வந்துபோகும் இரண்டுக்கு நடுவே ஓம் அளந்து பாருங்கள். சும்மா ஒரு தடவை, ஃப்ளிப்பருக்கு அடியில் உள்ள அந்தச் சுவிட்சில் கார்டு செருகி ஒரு தடவை. முதலாவது 2, 3 ஓம் அளவும் இரண்டாவது சுமார் 40-ம் வந்தால் மின்சாரப் பக்கம் சரி. கோளாறு பிளஞ்சர், இணைப்புத் துண்டு, உட்குழாய், காயில் ஸ்டாப் (பிளஞ்சர் மோதி நிற்கும் துண்டு) ஆகியவற்றின் தேய்மானம். பிளஞ்சர் நுனி காளான் மாதிரி விரிந்திருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். காயில் ஸ்டாப் ஏசி மெஷினுக்கானதாகப் பார்த்து வாங்குங்கள்.

புதுக் காயில் வாங்க நேர்ந்தால் டயோடு ஒட்டி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிற்கால டிசி மெஷின்களுக்கானது அது. ஏசியில் அப்படியே மாட்டினால் பாதி அலை டயோடு வழியாகக் குறுக்குச் சுற்றாகும், ஃபியூஸ் போகும். வெட்டி எறிந்துவிட்டு மாட்டலாம்.

---

பம்பர் பாபு

டிரான்ஸ்ஃபார்மரில் அதிக வோல்ட் காது ஒன்று இருக்குமே, வயரை அதற்கு மாற்றிவிட்டால் ஃப்ளிப்பர் சுறுசுறுப்பாகிவிடாதா? ஐந்து நிமிட வேலை.

---

பழைய காயில்

ஆகும், கூடவே எல்லா காயிலும் சூடாகும். ஒரு ஃப்ளிப்பர் மட்டும் மெலிந்திருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் மேல் பழி போட முடியாது. வலதும் அதே டிரான்ஸ்ஃபார்மரில்தானே ஆடுகிறது? சுத்தமும் தேய்மானமும் பார்த்து முடித்த பிறகும் மெஷின் முழுக்க மந்தமாக இருந்தால் அப்போது அந்தக் காதைத் தொடலாம்.

---

வெள்ளிக்குண்டு

10 பாயின்ட் ரீலைச் சுத்தம் செய்ததும் உறுமல் நின்றது. இடது ஃப்ளிப்பர்: கார்டு இல்லாமல் 41 ஓம், கார்டு செருகி 41 ஓம். வலதில் 2.6, 41.

---

செம்புக்கம்பி

அப்படியானால் சுவிட்ச் மூடுவதே இல்லை, காயில் நன்றாக இருக்கிறது. டங்ஸ்டன் முனையை இரும்பு அரத்தால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, ஓய்வில் அழுத்தமாக மூடும்படி வையுங்கள். மட்டை முழுதாக மேலே போனதும் 1/16 அங்குலமாவது திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் அடுத்த வாரம் கருகிய காயிலோடு வருவீர்கள். சும்மா அளக்கும்போது 3 ஓமுக்குக் கீழே வரும்வரை அரத்தைக் கீழே வைக்காதீர்கள்.